கொடுமுடியும் நீர்ப்பிரிமேடும்: ஆண்டிஸ் எல்லைச் சிக்கல் (1881–1902)

சிலியும் அர்ஜென்டினாவும் 1881இல் செய்துகொண்ட உடன்படிக்கை, தெற்கே 52ஆம் அட்சக்கோடு வரை, நீரைப் பிரிக்கும் மிக உயர்ந்த கொடுமுடிகளின் வழியே எல்லை செல்லும் என வரையறுத்தது. சந்தியாகோவுக்கும் மென்டோசாவுக்கும் இடைப்பட்ட ஆண்டிஸில் கொடுமுடிக்கோடும் நீர்ப்பிரிமேடும் பெரிதும் ஒன்றுபடுவதால் இவ்வரையறை அங்கு இடர்ப்பாடு தரவில்லை.

படகோனியாவில் நிலைமை வேறு. பண்டைப் பனியாறுகள் குடைந்த பள்ளத்தாக்குகள் மலைத்தொடரைக் குறுக்கே அறுக்கின்றன. அவை கிழக்கே விட்டுச்சென்ற பனியாற்றுப் படிவுகள் அணைபோல் நின்று நீரைப் பசிபிக் நோக்கித் திருப்புகின்றன. ஆகவே நீர்ப்பிரிமேடு கொடுமுடிகளை விட்டு விலகி, கிழக்குச் சமவெளியின் விளிம்பில் அமைந்துவிடுகிறது. சிலியின் வல்லுநர் தியேகோ பார்ரோஸ் அரானா நீர்ப்பிரிமேட்டையே எல்லையாகக் கொண்டார். அர்ஜென்டினாவின் பிரான்சிஸ்கோ மொரேனோ கொடுமுடிகளை முன்வைத்தார். 1898இல் மொரேனோ, புவெனோஸ் ஐரெஸ் ஏரியில் கலந்துவந்த ஃபெனிக்ஸ் ஆற்றைச் சில நாள் உழைப்பிலேயே தெசேயாடோ ஆற்றுக்குத் திருப்பி, அட்லாண்டிக் நோக்கி ஓடச் செய்தார். மண்வெட்டியால் மாற்றத்தக்க கோடு நாட்டெல்லை ஆகுமா என்பதே அவர் எழுப்பிய வினா. புவியியல் சான்று என்ற அளவில் இச்செயல் வலுவானது. உடன்படிக்கைச் சொற்களின் பொருளை இது தீர்த்துவிட்டதாகக் கொள்வதற்கில்லை.

வழக்கு பிரித்தானிய முடியின் நடுவத்திற்குச் சென்றது. இந்திய வடமேற்கு எல்லைப் பணிகளில் தேர்ந்த தாமஸ் ஹோல்டிச் 1902இல் களத்தை நேரில் ஆய்ந்தார். அக்டோபர் 16 பள்ளத்தாக்கின் வேல்ஸ் குடியேறிகள் அவர் முன்னிலையில் அர்ஜென்டினாவின் பக்கம் நின்றனர். அவ்வாண்டு நவம்பரில் ஏழாம் எட்வர்ட் வழங்கிய தீர்ப்பு இரு கோட்பாடுகளில் எதையும் முழுமையாக ஏற்கவில்லை. எல்லை ஏரிகளின் ஊடே சென்றது. புவெனோஸ் ஐரெஸ் ஏரியின் மேற்குப் பகுதி இன்று சிலியில் ஹெனரல் கர்ரேரா எனும் வேறு பெயர் தாங்குகிறது.