அரசர் வீட்டு மணமும் குடியானவன் வயலும்

எட்டாம் ஹென்றி மன்னருக்கு மனைவியர் அறுவர் என்பதை ஆங்கிலப் பள்ளியிற் படித்த சிறுவனும் சொல்லுவான். அம்மன்னர் தம் மகனுக்குப் பெண் கேட்ட கதையை அறிந்தவர் சிலரே. அறிய வேண்டிய சரித்திரம் அதுவேயாகும்.

1542 டிசம்பரில் ஸ்காட்லாந்து மன்னர் ஐந்தாம் ஜேம்ஸ் இறக்கவே, பிறந்து ஆறு நாட்களேயான அவர் மகள் மேரி அரசியானாள். 1543 ஜூலையில் கிரீனிச்சில் ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. ஏழு மாதமும் நிரம்பாத அக்குழந்தையை ஐந்து வயது இளவரசர் எட்வர்டுக்கு மணமுடிப்பதென்பது அதன் சாரம். பெண்ணோடு நாட்டையும் கொள்ளலாம் என்பது ஹென்றியின் எண்ணம். அதற்கு இணங்காத ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் டிசம்பரில் உடன்படிக்கையைத் தள்ளிவிட்டது.

ஹென்றி படையை ஏவினார். 1544 மே மாதத்தில் ஹெர்ட்போர்டு பிரபு எடின்பரோ நகரைக் கொளுத்தினார். மலைமேலிருந்த கோட்டை தப்பியது. கீழே குடியிருந்தவர் வீடுகள் எரிந்தன. எல்லைப்புறப் படையினர் அவ்வாண்டு ஜூலை முதல் நவம்பர் வரை செய்ததைக் கணக்கப்பிள்ளை ஏடுபோல் எழுதி அனுப்பினர். எரித்த ஊர், பண்ணை, கோபுரம் முதலியன 192; கொன்றவர் 403; சிறைப்பிடித்தவர் 816; ஓட்டிவந்த மாடு 10,386; செம்மறி 12,492. இத்தனை மாடுகளும் எத்தனை குடும்பங்களின் ஏரும் பாலும் என்பதை எண்ணிப் பாருங்கள்! பாலின்றி அழுத பிள்ளைகளுக்கு அவ்வேட்டில் இடமில்லை.

1545 செப்டம்பரில் ஹெர்ட்போர்டு மீண்டும் வந்தார். கதிர் முற்றும் காலம் பார்த்தே வந்தார். வாளுக்குத் தப்பியவனைக் குளிர்காலத்தில் பசி கொல்லட்டும் என்பதன்றி இதற்கு வேறு பொருள் யாது? அம்முறை 243 கிராமங்களும், 13 மாவாலைகளும், ஏழைகளைப் பேணிய 3 தருமசாலைகளும் அழிந்தன என்பது அவர்கள் கணக்கே.

படையெடுத்த நாட்டின் குடிகளாவது சுகித்தனரா? அதுவுமில்லை. இப்போருக்கும் பிரான்சுப் போருக்கும் பணம் தேடிய ஆங்கில அரசு, வெள்ளி நாணயத்திற் செம்பை மிகுதியாகக் கலந்தது. விலைவாசி ஏறிற்று, கூலிக்காரன் காசு மதிப்பிழந்தது.

1547இல் ஹென்றி இறந்தும் போர் ஓயவில்லை. அவ்வாண்டு செப்டம்பர் 10ஆம் நாள் பிங்கிப் போரில் ஸ்காட்லாந்தார் ஆயிரக்கணக்கில் மாண்டனர். 1548இல் சிறுமி மேரி பிரான்சுக்கு அனுப்பப்பட்டாள். 1551இல் நோரம் என்னுமிடத்திற் சமாதானம் கையெழுத்தாயிற்று. எட்வர்டு 1553இல், பதினைந்து வயதில், மணமாகாமலே இறந்தார். 1558இல் மேரி பிரெஞ்சு இளவரசரை மணந்தாள். பெண் கேட்டவர் பெற்றது ஒன்றுமில்லை; வயல் இழந்தவனுக்கு ஈடு தந்தவரும் இல்லை.

பின்வந்த ஆசிரியர்கள் இதற்கு ‘முரட்டுப் பெண்கேட்பு’ என்று பெயரிட்டனர். தோழர்களே! பேச்சறியாக் குழந்தையைப் பேரம் பேசுவதைக் குலப்பெருமை என்பார் இன்றும் உளர். அவர்களுக்கு இக்கணக்கைப் படித்துக் காட்டுங்கள். நம் பிள்ளைகளுக்கும் மன்னர் பெயரோடு எரிந்த ஊர்களின் தொகையையும் சொல்லிக் கொடுப்போமாக.