போர்க்களத்தில் முடிவாகாத மதம்: ஒரு மாற்று வரலாற்று ஊகத்தின் மறுபரிசீலனை

முகலாயப் பேரரசு இன்னும் இருநூறு ஆண்டுகள் வலுவாக நின்றிருந்தால் இந்தியா இஸ்லாமியப் பெரும்பான்மை நாடாகியிருக்கும் என்ற ஊகம் பொதுப்பேச்சிலும் மாற்று வரலாற்றுப் புனைவுகளிலும் அடிக்கடி எழுகிறது. மராத்தியர் எழுச்சியை நீக்கு, 1757 பிளாசிப் போரின் முடிவை மாற்று, மக்களின் மதமும் தானே மாறிவிடும் என்பதே அதன் தர்க்கம். இந்தத் தர்க்கம் பிழையானது. துணைக்கண்டத்தில் அரசியல் வெற்றியின் அளவைப் பின்தொடர்ந்து மதமாற்றம் நிகழவில்லை.

வங்காளத்தில் 1872இல் நடந்த முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆங்கிலேய அதிகாரிகளையே வியக்க வைத்தது. சுல்தான்களின் தலைநகரங்களிலிருந்து விலகிக் கிடந்த பொக்ரா மாவட்டத்தில் முஸ்லிம்கள் 80 விழுக்காட்டைத் தாண்டினர். ஆறு நூற்றாண்டுகள் முஸ்லிம் அதிகாரத்தின் நெஞ்சாக இருந்த மேல் கங்கைச் சமவெளியிலோ, காலனியக் காலக் கணக்கெடுப்புகளின்படி, அவர்கள் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கினரே. வாள்தான் காரணம் என்றால் இந்த எண்கள் தலைகீழாக இருந்திருக்க வேண்டும். சாதிக் கொடுமையிலிருந்து விடுதலை தேடியதே முழுக் காரணம் என்றாலும் கணக்கு உதைக்கிறது. சாதி அடுக்கு இறுகிக் கிடந்த இடங்களில் மாற்றம் குறைவு. அது ஆழ வேரூன்றாத கிழக்கு வங்காளத்தில்தான் மிகுதி.

ரிச்சர்ட் ஈட்டன் 1993இல் வெளியிட்ட வங்காள ஆய்வு இதற்குத் தரும் விளக்கமே இன்றளவும் வலுவானது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் கங்கையின் முதன்மை ஓட்டம் கிழக்கே பத்மாவுக்கு நகர்ந்தது. வண்டல் படிந்த காடுகளைத் திருத்தி நெல் விளைவிக்க முன்வந்தவர்களுக்கு முகலாய அரசு வரியில்லா நிலம் வழங்கியது. அவர்களில் பலர் முஸ்லிம்கள். காடு திருத்திய இடத்தில் பள்ளிவாசல் எழுந்தது. அதைச் சுற்றிக் குடியமர்ந்த மக்கள் தலைமுறை தலைமுறையாக, ஏரையும் குர்ஆனையும் ஒருசேர ஏற்றனர். அரசு மதமாற்றத்தை விரும்பியது என்றும் சொல்ல முடியாது. தோற்ற சிற்றரசன் ஒருவனின் மகனை மதம் மாறச் செய்த அதிகாரியை, ஆளுநர் இஸ்லாம் கான் தண்டித்தார். ஆக, கிழக்கு வங்காளத்தில் ஒரு மதம் இன்னொன்றை அகற்றியது என்பதைவிட, உழவும் மதமும் ஒரே காலத்தில் வந்து சேர்ந்தன என்பதே பொருந்தும்.

உண்மையில் இஸ்லாம் ஓர் இந்து–பௌத்தப் பெரும்பான்மையின் இடத்தைப் பிடித்த பெருநிலம் ஜாவா. அங்கே வெளிநாட்டு முஸ்லிம் படை எதுவும் வந்து நாட்டைக் கைப்பற்றவில்லை. மஜபாகித் அரசு உச்சத்தில் இருந்தபோதே, அதன் தலைநகரான த்ரவுலானில் 1368ஐ ஒட்டிய முஸ்லிம் கல்லறைகள் உள்ளன. அவற்றின் அலங்காரம் அரசவை சார்ந்த ஜாவானியர்களையே சுட்டுகிறது. பின்னர் தெமாக் முதலிய கரையோர அரசுகள் வென்றன. 1633இல் மாத்தாரம் அரசர் சுல்தான் அகூங், சக ஆண்டெண்ணை விடாமல் இஸ்லாமியச் சந்திர மாதங்களை ஏற்றார். ஜாவாவின் பெருங்கோயில்கள் அரசவையை அண்டி வாழ்ந்தவை. அரசவை மாறியதும் அவற்றைத் தாங்க ஆளில்லை என்பதே என் வாசிப்பு.

இங்கே தமிழகத்தை அருகில் வைத்துப் பார்க்கலாம். 1323ஐ ஒட்டித் திருவரங்கம் சூறையாடப்பட்டது. பின்னர் மதுரையில் சுல்தானியம் நிலைகொண்டது. அரங்கனின் உற்சவத் திருமேனி பல பத்தாண்டுகள் ஊர் ஊராக அலைந்து 1371இல் மீண்டது. திருமேனி இல்லாத காலத்திலும் வழிபாடு அழியவில்லை என்பதே முக்கியம். ஆழ்வார் பாசுரங்களும் ஆசாரிய மரபும் அரசனைச் சாராமல் மக்களிடமும் மடங்களிடமும் வாழ்ந்தன. இதே காலத்திலும் பின்னரும் காயல்பட்டினம் போன்ற துறைகளில் இஸ்லாம் வணிகத்தாலும் உறவுகளாலும் வளர்ந்தது. மதுரைச் சுல்தானியம் மறைந்ததால் அது குறையவில்லை. வடக்கிலும் அப்படியே: 1204இல் பக்தியார் கல்ஜி கைப்பற்றிய நதியாவில்தான், சுல்தான் அலாவுதீன் ஹுசைன் ஷாவின் ஆட்சிக் காலத்தில், சைதன்யரின் பக்தி இயக்கம் பிறந்தது.

எனவே நம்பத்தக்க மாற்று வரலாறு இரண்டு நிபந்தனைகளில் ஒன்றையாவது நிறைவேற்ற வேண்டும். கோண்டுவானாவிலும் அஸ்ஸாமிலும் முஸ்லிம் முன்னோடிகள் வங்காளத்தைப் போலக் காடு திருத்தியிருக்க வேண்டும். அல்லது பக்தி இயக்கம் தாய்மொழிகளில் வேரூன்றுமுன் அரசவைகள் ஜாவாவைப் போல மாறியிருக்க வேண்டும். முதலாவது நடந்திருக்கக்கூடியதே. இரண்டாவதற்குத் தமிழகத்தில் வரலாற்றை ஏழாம் நூற்றாண்டுக்கு முன்னால் இழுத்துச் செல்ல வேண்டும், அது நடக்காது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பெரும்பான்மை நூலிழையில் தப்பியது என்ற கதை, இன்றைய முஸ்லிம் அண்டை வீட்டாரை முற்றுப்பெறாத படையெடுப்பின் மிச்சமாகக் காட்டுகிறது. கணக்கெடுப்பு எண்களும் நிலக்கொடை ஆவணங்களும் அந்தக் கதைக்குச் சான்று தரவில்லை. பானிபட்டிலும் பிளாசியிலும் எந்த முடிவு வந்திருந்தாலும், கங்கைச் சமவெளியும் காவிரிப் படுகையும் இன்றுள்ள மதப் பெரும்பான்மையுடனேயே இருந்திருக்கும்.