ராஜகாரியமும் உல்லாசப் பிரயாணமும்

விடுமுறை நாள்களில் கண்டிக்கு வந்து சேரும் குடும்பங்கள், ஹட்டனிலிருந்தோ மாத்தளையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ எங்கிருந்து புறப்பட்டவையாயினும், ஏறக்குறைய ஒரே சுற்றையே சுற்றுகின்றன. வாவிக் கரையில் சற்று உலாவி, தலதா மாளிகையைத் தரிசித்து, பெரஹராவில் நெடுங்காலம் புனித பேழையைச் சுமந்து 1988ஆம் ஆண்டில் மாண்ட ராஜா என்னும் யானையின் பாடம் செய்யப்பட்ட உடலைப் பிள்ளைகளுக்குக் காட்டி, பின்னர் பேராதனைப் பூந்தோட்டத்துக்குப் பஸ் ஏறி, மாலை மங்கும் வரை அங்கே புல்வெளியில் அமர்ந்திருந்துவிட்டுத் திரும்புவது இரண்டு மூன்று தலைமுறைகளாக மாறாத நியமமாகிவிட்டது. இவ்வளவு ரம்மியமான இடங்களை யார், எதற்காக, எவருடைய உழைப்பைக் கொண்டு உண்டாக்கினார்கள் என்று அந்தப் புல்வெளியில் அமர்ந்து எவரும் விசாரிப்பதில்லை. விசாரித்தால், பொதுஜனங்களின் களிப்பை உத்தேசித்துச் சிருஷ்டிக்கப்பட்டது இவற்றுள் அநேகமாக ஒன்றுமில்லை என்பது விளங்கும்.

முதலில் வாவியை எடுத்துக்கொள்வோம். கண்டி ராஜ்யத்தின் கடைசி அரசனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், கண்ணுசாமி என்ற இயற்பெயருடன் தென்னிந்தியாவிலிருந்து வந்த நாயக்கர் வம்சத்துப் பிள்ளை. 1798இல் பதினெட்டு வயது இளைஞனாகச் சிம்மாசனம் ஏறியவன். அரண்மனைக்கு முன்னே வயலாகக் கிடந்த தாழ்நிலத்தை அணையிட்டு மறித்து நீர்நிலையாக்க வேண்டும் என்ற ஆசை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அவனுக்கு உண்டாயிற்று. நிலம் வைத்திருக்கும் குடிகள் அரசனுக்குக் கூலியின்றிச் செய்தாக வேண்டிய ராஜகாரியம் என்னும் ஊழிய முறையே அந்த ஆசைக்குக் கருவியாயிற்று. பயிர்த்தொழிலை விட்டு மண் சுமக்க வந்த குடியானவர்களின் மனக்கசப்பும், தங்கள் ஆள்களைத் தலைநகர்ப் பணிக்கு அனுப்பிக்கொண்டே இருக்க நேர்ந்த பிரதானிகளின் ஆத்திரமும் அவனுடைய வீழ்ச்சிக்குரிய காரணங்களில் சேர்ந்தன. மறுத்தவர்களை வாவியின் படுகையிலேயே கழுவேற்றினான் என்று கர்ணபரம்பரையாக ஒரு கதை வழங்குகிறது. அரசனை வென்றவர்கள் அவனைக் கொடுங்கோலனாகக் காட்ட வேண்டிய அவசியம் உடையவர்களாயிருந்தமையால் இத்தகைய கதைகளை நாம் சற்று நிதானத்துடனேயே கேட்க வேண்டும். ஆனால் கூலியில்லா உழைப்பு மட்டும் கதையன்று.

வாவியின் ஓரத்தில் அலையலையாக வளைந்து நிற்கும் மேகச் சுவரை இன்று புகைப்படம் எடுக்காதவர் இல்லை. அது முற்றுப்பெறாத சுவர். கட்டி முடிக்கும் முன்பே ராஜ்யம் போய்விட்டது. 1815 பெப்ருவரியில் அரசன் பிடிபட்டான். மார்ச் 2ஆம் தேதி கண்டிப் பிரதானிகளும் ஆங்கிலேயரும் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். மறு ஆண்டு குடும்பத்துடன் கப்பலேற்றப்பட்ட அரசன் வேலூர்க் கோட்டையில் காவலில் வாழ்ந்து 1832இல் காலமானான். வாவியின் நடுவே அவன் அமைத்த சிறு தீவைப் புதிய அதிகாரிகள் வெடிமருந்துக் கிடங்காக்கினார்கள். பாலாற்றங்கரையில் அவனுடைய கல்லறையையும், வாவியின் நடுவில் அந்தத் தீவையும் இரண்டையும் கண்டவர் தமிழரில் சிலரே இருப்பர்.

வாவிக்கு மேலே அடர்ந்திருக்கும் உடவத்தகலைக் காடும் அரண்மனையைச் சேர்ந்ததே. குடிகள் உட்புகலாகாதென்று விலக்கி வைத்திருந்த வனம். ஆங்கிலேயர் வந்தபின் அதனூடே நடைபாதைகள் வெட்டித் தேசாதிபதிகளின் மனைவியர் பெயர்களை இட்டார்கள். அவற்றுள் பிரதானமானது ஹோர்ட்டன் சீமாட்டியின் பாதை. 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாயிருந்த வில்மட் ஹோர்ட்டனின் மனைவியான அந்த அம்மையார்தாம், இளமையில் ஒரு விருந்துக்குக் கறுப்பு உடையில் வந்து, உறவினரான பைரன் என்னும் கவிஞரை அவருடைய மிகப் புகழ்பெற்ற சிறு கவிதை ஒன்றை எழுதச் செய்தவர். குரங்குகளும் அட்டைகளும் மலிந்த ஒரு காட்டுப் பாதைக்கு இவ்வளவு கவித்துவமான பூர்வோத்தரம் இருப்பது வேடிக்கைதான். 1856இல் ஒதுக்குக் காடாகவும், 1938இல் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்ட பின்னரே அது நிலையான பாதுகாப்பைப் பெற்றது.

அரசன் போனான் என்பதால் ராஜகாரியம் போய்விடவில்லை என்பது சரித்திரம் படிப்போர் பெரும்பாலும் கவனியாது விடும் சங்கதி. கொழும்பிலிருந்து கண்டிக்குப் பாதை போட்ட தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ், எந்த ஊழிய முறையைக் காட்டி அரசனைத் தூஷித்தார்களோ அதே முறையைக் கொண்டுதான் மலைகளை உடைப்பித்தார். மலையைத் துளைத்து வழி செய்பவனுக்கே கண்டி வசமாகும் என்று கண்டியர் நம்பியதாகச் சொல்வர். கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்து போன பாதை அந்த நம்பிக்கைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. பாதையை அமைத்த பொறியியலாளரான கப்டன் டோசனுக்கு அங்கே உயர்ந்த ஞாபகார்த்தக் கோபுரம் ஒன்று உண்டு. கல் உடைத்தவர்களுக்கு அப்படி ஒன்று எழுப்பப்படவில்லை. கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசின் பேரில் ராஜகாரியம் ஒழிக்கப்பட்டதும் 1832இலேதான். அதாவது அதை ஏவிய கடைசி அரசன் வேலூரில் கண்மூடிய அதே ஆண்டில்.

ஊழியம் ஒழிந்த இடத்தைக் கூலி நிரப்பிற்று. கண்டியைச் சூழ்ந்த மலைகளில் கோப்பித் தோட்டங்கள் பரவத் தொடங்கியதும், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம் முதலிய பிரதேசங்களிலிருந்து கங்காணிகளின் பின்னே திரண்ட ஜனங்கள், மன்னாரில் கரையேறி, வறண்ட காட்டுவழியே மாத்தளை வரை நடந்து, வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பசிக்கும் வழியெங்கும் பலி கொடுத்து, எஞ்சியவர்களாய் இந்த மலைநாட்டுக்குள் நுழைந்தார்கள். அவர்கள் பறித்த கோப்பியை மாட்டு வண்டியில் கொழும்புக்கு அனுப்புவது தாமதமும் நஷ்டமுமாயிருந்தமையால், 1854இல் கண்டியில் சங்கம் கூட்டிய தோட்டத் துரைமார் புகையிரதம் வேண்டுமென்று விடாது வற்புறுத்தினர். 1867இல் கண்டிக்கு வந்த அந்த ரயில் கோப்பி மூட்டைக்காக வந்ததே ஒழிய, இன்று ஜன்னலோரத்தில் முகத்தை நீட்டிப் பள்ளத்தாக்கைப் பார்க்கும் பிரயாணிக்காக வரவில்லை.

பேராதனைப் பூந்தோட்டத்தின் வரலாறும் இதனோடு பிணைந்ததே. மகாவலி கங்கை மூன்று புறமும் வளைந்தோடும் அந்த நிலத்தில் முன்னர் கண்டி அரசர்கள் சில காலம் வாசம் செய்ததுண்டு. களுத்துறையில் இருந்த அரசினர் தோட்டத்தை 1821இல் அலெக்சாண்டர் மூன் என்னும் தாவர நிபுணர் இங்கே மாற்றி ஸ்தாபித்தார். 147 ஏக்கர் பரப்பில் இன்று மலர்க் கண்காட்சிபோல் தோன்றும் இத்தோட்டம், உண்மையில் ஏகாதிபத்தியத்தின் நாற்றங்கால். எந்தப் பயிர் இம்மலைகளில் பணமாகும் என்று சோதிப்பதே அதன் தொழில். 1839இல் கல்கத்தாவிலிருந்து வந்த தேயிலை விதைகள் இங்கேதான் முதலில் மண்ணைக் கண்டன. சிங்கோனா நாற்றுகளும் இதே நிர்வாகத்தின் வழியாகவே மலைக்குப் போயின. 1876இல் வந்த றப்பர்க் கன்றுகள் அதன் கிளையான ஹெனரத்கொடைக்கு அனுப்பப்பட்டன. 1869இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் தூசாகத் தோன்றிய நோயை இனங்காண்பதற்கு இங்கிலாந்துக்கு மாதிரி அனுப்பியவர் அப்போது தோட்டத்தின் தலைவராயிருந்த துவைட்ஸ். அந்த நோய் சில பத்தாண்டுகளில் கோப்பியை அறவே அழித்தது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 1867இலேயே 19 ஏக்கரில் தொடங்கியிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. பருவந்தோறும் வந்து திரும்பிய கோப்பித் தொழிலாளி, ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டிய தேயிலைத் தொழிலாளியாகி லயத்தில் நிலைத்ததற்கும், மலையகத் தமிழர் என்றொரு சமூகம் உருவானதற்கும் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூஞ்சணமும் ஒரு காரணம் என்றால் மிகையாகாது.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைகளின் தலைமையகத்தை 1944இல் இத்தோட்டத்துக்கே கொண்டுவந்தார். யுத்தம் முடிந்ததும் சேனை போயிற்று, மரங்கள் நின்றன. மெல்ல மெல்லப் பூந்தோட்டம் குடும்பங்களின் சொத்தாயிற்று. ஹந்தானையில் 1925இல் எழுந்த தேயிலைத் தொழிற்சாலை, கைவிடப்பட்டுக் கிடந்து, 2001இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அங்குள்ள யந்திரங்களின் முன்னே நின்று, இவற்றை ஓட்டியவர்கள் நம் பாட்டன்மாரைப் போன்றவர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் தகுதி மலையகக் குடும்பங்களுக்கு உண்டு. கோயில் திருவிழாவுக்கன்றி விடுமுறை அறியாத ஒரு சமூகம் விடுமுறைப் பிரயாணத்தை வழக்கமாக்கிக்கொண்டது எனக்குப் பூந்தோட்டத்தின் எந்த அபூர்வ மரத்தைக் காட்டிலும் பெரிய விசேஷமாகத் தோன்றுகிறது.

ஆயினும் அந்தச் சுற்றில் ஒரு குறை உண்டு. தமிழ்க் குடும்பங்கள் அவசியம் காண வேண்டிய ஓர் இடம் அதில் சேரவில்லை. கண்டிக்கு வரும் கொழும்புப் பாதையில் பிலிமத்தலாவையில் இறங்கித் தவுலகலை வீதியில் திரும்பினால் முதலில் கடலாதெனிய விகாரை. 1344ஆம் ஆண்டில் கணேசுவராசாரி என்னும் தென்னிந்தியச் சிற்பாசாரியின் தலைமையில் கருங்கல்லால் கட்டப்பெற்றது. அதன் தூண்களைப் பார்த்தவுடன் நம் ஊர்க் கோயில் ஒன்றுக்குள் வந்துவிட்டோமோ என்ற மயக்கம் உண்டாகும். அப்பால் எம்பெக்கையில், மரத்தூண்களின் செதுக்கு வேலைக்குப் பெயர்போன தேவாலயம் கதிர்காமக் கடவுளுக்கு உரியது. இவ்விரண்டுக்கும் இடையே, நாலாம் புவனேகபாகுவின் காலத்தில், கம்பளை தலைநகராயிருந்தபோது, ஸ்தபதி ராயர் என்பவர் அமைத்த லங்காதிலக விகாரை ஒரு பெரும் பாறையின் உச்சியில் நிற்கிறது. விகாரையை அடுத்த பாறையில் அதன் ஸ்தாபனத்தையும் தானங்களையும் குறித்துச் சிங்களத்தில் வெட்டப்பட்ட சாசனத்துடன் தமிழ்ச் சாசனம் ஒன்றும் இருக்கிறது. கோப்பிக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இம்மலைகளில் அரச ஆவணம் எழுதத் தகுந்த மொழியாகத் தமிழ் இருந்ததற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. அடுத்த முறை கண்டிக்கு வருவோர் பூந்தோட்டத்தில் ஒரு மணி நேரத்தைக் குறைத்துக்கொண்டு, பிள்ளைகளை அந்தப் பாறைக்கு ஏற்றிச் செல்லுங்கள்.