உயிர் பிழைத்தலும் மீண்டு வாழ்தலும்: தீவிர சிகிச்சையின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மருத்துவ வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அதில் நோயாளி ஓர் எண்ணாக இடம்பெறுகிறார். அவரது குடும்பமோ இடம்பெறுவதேயில்லை. தீவிர சிகிச்சையின் வரலாற்றை வைத்தியசாலை வாயிலுக்கு அப்பாலும் தொடர்ந்து நோக்குவோமாயின், இக்குறை எத்துணை ஆழமானது என்பது புலப்படும்.

1952ஆம் ஆண்டு கொப்பன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் கொள்ளைநோயாகப் பரவியது. பிளெக்டாம் வைத்தியசாலையில் தொடக்க வாரங்களில் சுவாசக் கருவிகளிற் சேர்க்கப்பட்ட 31 பேரில் 27 பேர் இறந்தனர். மயக்கவியல் வைத்தியரான பியோன் இப்சன், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செலுத்தி, இறப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றூட்டும் முறையை ஓகஸ்ட் மாத இறுதியில் 12 வயதுச் சிறுமியொருத்தியிடம் கையாண்டார். அவள் பிழைத்தாள். ஆயின் அம்முறைக்கு ஓயாது இயங்கும் கைகள் தேவைப்பட்டன. ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து இரவுபகலாகக் காற்றூட்டினர். இறப்பு வீதம் பாதிக்கும் கீழே வீழ்ந்தது. 1953இன் இறுதியில் இப்சன் அந்நகரின் மற்றொரு வைத்தியசாலையில் தனிப்பிரிவொன்றை நிறுவினார். நவீன தீவிர சிகிச்சைப் பிரிவின் தோற்றம் இதுவெனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது.

எனவே இந்நிறுவனத்தின் தோற்றுவாய் கருவி மட்டுமன்று; அது கூட்டு உழைப்புமாகும். கவனத்திற் கொள்ளத்தக்க மற்றொன்றும் உண்டு. அந்நோயாளிகளுட் பலர் விழித்திருந்தனர். பையை அழுத்திய மாணவன் அவர்களுக்குப் பேச்சுத் துணையுமாயிருந்தான். பிற்காலத்தில் இயந்திரம் கைகளின் இடத்தைப் பெற்றது. ஆழ்மயக்க மருந்துகள் உரையாடலின் இடத்தைப் பெற்றன. நோயாளி உயிர்காக்கப்பட வேண்டிய உறுப்புகளின் தொகுதியாகக் கருதப்படலானார். வெற்றியை அளந்த அளவுகோலும் உயிர் பிழைத்தோர் எண்ணிக்கை ஒன்றே.

பிழைத்தபின் யாது நிகழ்ந்தது? இவ்வினா முறையாக எழுப்பப்படுவதற்கு நெடுங்காலம் சென்றது. கடும் சுவாசச் செயலிழப்பிலிருந்து பிழைத்த 109 பேரைத் தொடர்ந்து அவதானித்த ரொறன்ரோ ஆய்வு 2003இல் வெளிவந்தது. ஓராண்டின் பின் நுரையீரல்கள் பெரிதும் தேறியிருந்தன. ஆயினும் தசைகள் தேறவில்லை. ஏறத்தாழ அரைவாசிப் பேரே தொழிலுக்குத் திரும்பியிருந்தனர். ஐந்தாண்டின் பின்னரும் உடற்பலவீனம் முற்றாக நீங்கவில்லை என்பதை 2011ஆம் ஆண்டு அறிக்கை காட்டிற்று. தீவிர சிகிச்சை பெற்றோருள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரின் சிந்தனைத்திறன், ஓராண்டு கழிந்தும் நடுத்தர மூளைக்காயமுற்றோரின் நிலையை ஒத்திருந்ததென 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வு தெரிவித்தது. உடல், அறிவு, உளம் ஆகிய மூன்றையும் தாக்கும் இந்நிலைக்கு 2012இலேயே பொதுப்பெயர் வழங்கப்பட்டது. பெயரிடப்படாத துன்பம் தனிமனிதரின் மனத்தளர்ச்சியென்றே கொள்ளப்படும். ஆதலால் பெயரிடுதலும் ஒரு வரலாற்று நிகழ்வேயாம்.

துன்பம் நோயாளியோடு நின்றுவிடுவதில்லை. 2016இல் வெளிவந்த கனேடிய ஆய்வொன்றில், பராமரிப்போர் 280 பேரில் 70 வீதத்தினர் பெண்கள். தொடக்கத்தில் அவர்களுள் 67 வீதத்தினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. ஓராண்டின் பின்னும் 43 வீதத்தினரிடம் அவை நீடித்தன. வைத்தியசாலையில் தாதியரும் வைத்தியரும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரும் பகிர்ந்து செய்த உழைப்பு, வீட்டில் மனைவி அல்லது தாய் ஒருத்தியின் ஊதியமற்ற கடமையாகிறது. அதே வேளையில் குடும்பத்தின் வருவாயும் குன்றுகிறது. உயிர்காத்தல் சமூகப் பணியாகவும் மீட்சி தனிக் குடும்பத்தின் சுமையாகவும் பிரிக்கப்பட்டிருப்பதே இங்குள்ள அடிப்படை முரண்பாடு எனலாம்.

இம்முரண்பாட்டை எதிர்கொள்ளும் முயற்சிகளுள் ஒன்று இலக்கிய மாணவராகிய நமது கருத்தை ஈர்க்கிறது. ஸ்கன்டிநேவிய நாடுகளின் தாதியர், மயக்கத்திலிருக்கும் நோயாளிக்காக நாட்குறிப்பு எழுதும் வழக்கத்தைத் தொடக்கினர். குடும்பத்தினரும் அதில் எழுதுவர். நினைவிழந்த நாட்களையும், கொடுங்கனவுகளையே நினைவாகக் கொண்ட நாட்களையும் அது கதையாகக் கோத்துத் தருகிறது. பன்னாட்டு ஆய்வொன்று 2010இல் அதன் பயனை எடுத்துக்காட்டியது. 2019இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வோ குறிப்பிடத்தக்க பயனைக் காணவில்லை. இதில் வியப்பில்லை. எழுத்து அனுபவத்துக்கு ஒழுங்கு தரும். இழந்த கூலியை அது தராது.

கொப்பன்ஹேகனில் முதலிற் பிழைத்த அச்சிறுமி, கைகால் செயலிழந்த நிலையில் 1971 வரை வாழ்ந்தாள். வெற்றியின் கதை 1952இலேயே முடிந்துவிட்டதாக நூல்கள் கூறும். எஞ்சிய 19 ஆண்டுகளையும் உள்ளடக்கி எழுதப்படும் வரலாறே மனிதரின் வரலாறாகும். அன்று காற்றூட்டிய கைகள் போன்றே மீட்சிக்கும் பல கைகள் வேண்டும். அவற்றை ஒழுங்கமைப்பது சமூகத்தின் கடன் என்பதே நாம் இங்கு வந்தடையும் முடிபு.