வடசென்னைக் குத்துச்சண்டையும் ஆங்கிலோ இந்தியரும்

வடசென்னைக் குத்துச்சண்டை என்பது இராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, புளியந்தோப்பு முதலிய பகுதிகளில் துறைமுகத் தொழிலாளர், மீனவர் போன்ற உழைக்கும் மக்களிடையே வளர்ந்த விளையாட்டு மரபு ஆகும். ஆங்கிலேயப் படைவீரர்கள் வழியாக வந்ததால் இது 'ஆங்கிலக் குத்துச்சண்டை' எனப்பட்டது. பா. இரஞ்சித் இயக்கிய 'சார்பட்டா பரம்பரை' (2021) திரைப்படம் இம்மரபையும், அதில் இடம்பெற்ற கலப்பு மரபினரான ஆங்கிலோ இந்தியரையும் மீண்டும் பேசுபொருளாக்கியது.

சமூகப் பின்னணி

1687இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள், தம் படைவீரர்கள் உள்ளூர்ப் பெண்களை மணப்பதை ஊக்குவிக்குமாறு சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குக் கடிதம் எழுதினர். அத்தகைய மணத்தில் பிறக்கும் குழந்தையின் திருமுழுக்கு நாளில் தாய்க்கு ஒரு வராகன் வழங்கவும் கூறினர். ஆனால், ஏறத்தாழ நூறு ஆண்டுகளில் கொள்கை தலைகீழானது. 1791இல் இந்தியத் தாய் அல்லது தந்தைக்குப் பிறந்தோர் கம்பெனியின் உயர்பணிகளிலிருந்து விலக்கப்பட்டனர். 1795இல் படையில் போர்வீரராகும் வாய்ப்பும் பறிக்கப்பட்டது.

1856இல் இராயபுரம் தொடருந்து நிலையம் திறக்கப்பட்டது. பின்னர் தொடருந்து, தந்தி, சுங்கம் ஆகிய துறைகள் இச்சமூகத்தின் வாழ்வாதாரமாயின. இராயபுரமும் பெரம்பூரும் அவர்களின் குடியிருப்புகளாயின. ஆங்கிலேயர் அவர்களைத் தமக்கு இணையாக ஏற்கவில்லை. உள்ளூர் மக்களோ உடையை வைத்துச் 'சட்டைக்காரர்' என்றழைத்தனர்.

குத்துச்சண்டை மேடை

சார்பட்டா, இடியாப்ப நாயக்கர், எல்லப்பச் செட்டியார் ஆகியவை புகழ்பெற்ற பரம்பரைகளாகும். இங்கு பரம்பரை என்பது பிறப்பைக் குறிக்காது; ஒரு வாத்தியாரிடம் பயிலும் மாணவர் வழியைக் குறிக்கும். ஆங்கிலோ இந்திய வீரரான டெர்ரியும் சார்பட்டாவின் கித்தேரி முத்துவும் இன்றும் வடசென்னையில் நினைவுகூரப்படுகின்றனர்.

திரைப்படத்தில்

2021 சூலை 22 அன்று இணையத்தில் வெளியான இப்படத்தின் கதை நெருக்கடி நிலைக் காலத்தில் நிகழ்கிறது. துறைமுகத் தொழிலாளி கபிலனாக ஆர்யாவும், ரங்கன் வாத்தியாராகப் பசுபதியும் நடித்தனர். கபிலனுக்குத் துணைநிற்கும் கெவின் என்னும் ஆங்கிலோ இந்தியராக ஜான் விஜய் நடித்தார். அனைவரும் அவரை 'டாடி' என்றே அழைக்கின்றனர். ஆங்கிலமும் சென்னைத் தமிழும் கலந்து பேசும் அவர், முந்தைய படங்கள் பலவற்றில் வந்த கேலிப் பாத்திரம் அல்லர், குடும்பத்தில் ஒருவர்.

கபிலன் வெற்றியை நெருங்கும் வேளையில் மேடையிலேயே ஆடை களையப்பட்டு அவமதிக்கப்படுகிறான். அவன் புகழைப் பொறுக்காத சாதி உணர்வே அதற்குக் காரணம். திறமை பெற்றுத் தந்த இடத்தைப் பிறப்பைக் காட்டி மறுப்பதே அங்கு நிகழ்கிறது. 1791ஆம் ஆண்டின் தடையும் இதே அடிப்படையில் அமைந்ததுதான்.

பிற்காலம்

1947க்குப் பின் ஆங்கிலோ இந்தியர் பலர் இங்கிலாந்து, ஆத்திரேலியா, கனடா முதலிய நாடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் அவர்களுக்கிருந்த நியமன உறுப்பினர் முறை, 104ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி 2020 சனவரியில் முடிவுக்கு வந்தது. சட்டமன்றத்தில் அவர்களுக்கெனத் தனி இடம் இல்லாத இன்றைய நிலையில், வடசென்னை வரலாற்றில் அவர்களின் பங்கைப் பதிவுசெய்வது மேலும் தேவையாகிறது.