அப்பாவின் வயதை ஏன் யாரும் கேட்கவில்லை?

'மலடி' என்ற சொல் நம்மிடையே வசையாகவே புழங்குகிறது. 'மலடன்' என்ற சொல் அகராதியில் இருக்கிறது. தெருவில் அதைக் கேட்பது அரிது. குழந்தையில்லாத வீட்டில் அரசமரத்தைச் சுற்றுகிறவளும் பெண், முதலில் மருத்துவரிடம் அனுப்பப்படுகிறவளும் பெண். ஆணுக்கு எந்த வயதிலும் பிள்ளை பிறக்கும், காலம் பெண்ணுக்கு மட்டும்தான் ஓடுகிறது என்ற நம்பிக்கை இதன் அடியில் இருக்கிறது. அறிவியலும் இந்த நம்பிக்கைக்கு நீண்ட காலம் துணைநின்றது.

ஆணின் முதுமையை மருத்துவம் கவனிக்காமல் இல்லை. 1889இல் பாரிஸில், பிரௌன்-செக்கார் என்ற 72 வயது உடலியல் அறிஞர் நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விரைச்சாற்றைத் தனக்கே ஊசியாகச் செலுத்திக்கொண்டு, இளமை திரும்பியதாக அறிவித்தார். வியன்னாவில் ஓய்கன் ஸ்டைனாக், விந்துக்குழாயைக் கட்டினால் ஆண்மை புதுப்பிக்கப்படும் என்றார். கவிஞர் யேட்ஸ் 1934இல், தம் 68ஆம் வயதில், அவ்வகை அறுவை செய்துகொண்டார். 1920களில் செர்கே வோரனோஃப் குரங்கின் விரைத் துண்டுகளை ஆண்களின் உடலில் பொருத்தினார். இந்த முயற்சிகள் எல்லாம் ஆணின் வீரியத்தை மீட்பதற்காக நடந்தவை. வயதான ஆணின் விந்தணு எப்படி இருக்கும், அதைக் கருவாகச் சுமக்கும் பெண்ணுக்கு என்ன நேரும் என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

அந்தக் கேள்விக்கான முதல் தடயம் வேறோர் இடத்தில் கிடைத்தது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகர மருத்துவர் வில்ஹெல்ம் வைன்பெர்க் 1912இல் ஒன்றைக் கவனித்தார். கை கால்கள் குட்டையாக வளரும் 'அகோண்ட்ரோபிளேசியா' என்ற மரபணு நிலை, ஒரு குடும்பத்தின் கடைசிக் குழந்தைகளிடம் அதிகம் தென்பட்டது. கடைசிக் குழந்தை பிறக்கும்போது தாய்க்கும் வயது கூடியிருக்கும், தந்தைக்கும் கூடியிருக்கும். யாருடைய வயது காரணம் என்பது அப்போது பிரித்தறியப்படவில்லை.

அதைப் பிரித்தவர் பிரிட்டனின் லயனல் பென்ரோஸ். 1933இல் அவர் டவுன் சிண்ட்ரோம் பற்றி ஆராய்ந்து, அதில் முக்கியமானது தாயின் வயதே என்று காட்டினார். 1955இல் அதே பென்ரோஸ், அகோண்ட்ரோபிளேசியாவில் முக்கியமானது தந்தையின் வயது என்று எழுதினார். இரண்டும் ஒரே அறிஞரின் முடிவுகள். முதலாவது உலகெங்கும் கர்ப்பிணிப் பெண்களுக்கான எச்சரிக்கையாக மாறியது. இரண்டாவது மரபியல் நூல்களுக்குள்ளேயே தங்கிவிட்டது. 1978இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ரிச்சர்ட் கோஹன், வேலைக்குப் போகும் பெண்ணுக்குக் கடிகாரம் ஓடுகிறது என்று வாஷிங்டன் போஸ்ட்டில் எழுதினார். 'உயிரியல் கடிகாரம்' என்ற தொடர் பெண்ணின் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

பென்ரோஸ் சொன்னதன் அடிப்படை எளிமையானது. பெண்ணின் கருமுட்டைகள் அவள் பிறப்பதற்கு முன்பே உருவாகிவிடுகின்றன. அவை வயதாகும்போது குரோமோசோம்கள் பிரிவதில் பிழை கூடுகிறது. ஆணின் விந்தணுக்களோ பருவமடைந்த நாளிலிருந்து ஓயாமல் உற்பத்தியாகின்றன. அவற்றுக்கு மூலமான செல்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய 23 முறை பிரிகின்றன என்பது கணிப்பு. ஒவ்வொரு பிரிவிலும் மரபணுவை நகலெடுக்க வேண்டும். நகலெடுக்கும்தோறும் பிழை சேர வாய்ப்புண்டு. ஐஸ்லாந்தில் 78 குடும்பங்களில் தாய், தந்தை, பிள்ளை மூவரின் மரபணுத் தொகுதியையும் ஒப்பிட்ட ஆய்வு 2012இல் வெளிவந்தது. 20 வயதுத் தந்தையிடமிருந்து சுமார் 25 புதிய மாற்றங்களும், 40 வயதுத் தந்தையிடமிருந்து சுமார் 65 மாற்றங்களும் பிள்ளைக்குப் போயிருந்தன. தாயின் பங்கு சராசரியாக 15. தாயின் வயதோடும் இது சிறிது கூடுகிறது என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் தந்தையின் அளவுக்கு இல்லை.

இந்த மாற்றங்களில் பெரும்பாலானவை எந்தத் தீங்கும் செய்வதில்லை. 50 வயதில் தந்தையாகிறவருக்கும் பெரும்பாலும் நலமான பிள்ளையே பிறக்கிறது. ஆனாலும் வயதோடு விந்துவின் அளவும், விந்தணுவின் நீந்தும் திறனும் குறைகின்றன. கரு தங்கக் காலம் பிடிக்கிறது. கருச்சிதைவு வாய்ப்பும் கூடுகிறது. கரு கலைந்தபோது "நீ என்ன சாப்பிட்டாய், எங்கே அலைந்தாய்" என்று கேட்கப்பட்ட பெண்கள் எத்தனை பேர்! கணவனின் வயதைக் கேட்டவர் யார்?

பழியைத் தூக்கி ஆண்மேல் போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. குட்டையாகப் பிறந்தவரோ, டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவரோ யாருடைய குற்றத்துக்கும் சாட்சியல்ல. கரு என்பது இரண்டு உடல்களின் காரியம். கேள்விகளும் இருவருக்கும் பொதுவாக இருக்க வேண்டும்.

நம் சட்டத்தில்கூட அவை பொதுவாக இல்லை. 2021ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், சிகிச்சை பெறும் பெண்ணுக்கு 50 வயதையும் ஆணுக்கு 55 வயதையும் எல்லையாக வைக்கிறது. கருமுட்டை கொடுப்பவள் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். விந்து கொடுப்பவர் 21 முதல் 55 வரை இருக்கலாம். கருமுட்டைக்கு 35இல் கோடு போட உயிரியல் காரணம் உண்டு. விந்துவுக்கு 55 வரை கோடே தேவையில்லை என்று நினைத்தவர்கள், 1912 முதல் சேர்ந்துவந்த சான்றுகளை எங்கே வைத்தார்கள்?

விந்துப் பரிசோதனைக்குக் கத்தி வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம். பெண்ணின் கருக்குழாயில் சாயம் செலுத்திப் படமெடுப்பதையும் வயிற்றில் துளையிட்டுப் பார்ப்பதையும்விட அது மிக எளிது, செலவும் குறைவு. ஆகவே, மருத்துவமனைச் சீட்டில் மனைவியின் வயதை எழுதும்போது, பக்கத்திலேயே கணவனின் வயதையும் எழுதச் சொல்வோம். அவளை அறுவை மேசையில் படுக்கவைப்பதற்கு முன், அவனுடைய பரிசோதனை முடிவு எங்கே என்று கேட்போம்.