தடையைத் தாண்டி வந்த ஹூலா

ஹவாய்த் தீவுகள் என்றதும் கழுத்தில் பூமாலையோடு இடுப்பை அசைத்து ஆடும் பெண்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வருவார்கள். சுற்றுலா விளம்பரங்கள் அப்படிப் பழக்கிவிட்டன. உண்மையில் ஹூலா எனப்படும் அந்த ஆட்டம் ஹவாய் மக்களின் சரித்திரப் புத்தகம் எனலாம்.

19ம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஹவாய் மொழிக்கு எழுத்து கிடையாது. அரச வம்சாவளி, தெய்வக் கதைகள், மழைக்கும் காற்றுக்கும் வைத்த பெயர்கள் எல்லாம் 'மெலே' என்ற பாட்டுகளாக மனப்பாடத்தில்தான் இருந்தன. அந்தப் பாட்டுக்கு உடல் கொடுப்பதே ஹூலா.

இதைக் கற்பிக்கும் ஆசிரியர் 'குமு ஹூலா', பயிற்சி நடக்கும் இடம் 'ஹாலாவ்'. அங்கே ஹூலாவின் தெய்வமான லாகாவுக்குக் காட்டுச் செடிகொடிகளால் பீடம் அமைப்பார்கள். பயிற்சியின் அடிப்படை, முழங்காலை மடக்கி நிற்பது. இதனால் உடலின் பாரம் கீழே இறங்குகிறது. கால் பக்கவாட்டில் நகர்ந்தாலும், இடுப்பு சுழன்றாலும் தோள் அசையாது. கால் தாளத்தைப் பிடிக்க, கை கதையைச் சொல்ல, கண் கையின் பின்னால் போகும். உட்கார்ந்து ஆடும் சில வகைகளில் ஆடுபவரே பாடி, கூழாங்கற்களைத் தட்டித் தாளமும் போட வேண்டும். ஒரு கணம் கவனம் சிதறினாலும் எல்லாம் பிசகிவிடும்.

1820ல் அமெரிக்க மிஷனரிகள் வந்தனர். அவர்கள் கண்ணுக்கு ஹூலா ஆபாசமாகவும் பிற தெய்வ வழிபாடாகவும் பட்டது. கிறிஸ்தவத்தைத் தழுவிய அரசி காஅஹுமானு 1830ல் பொது இடங்களில் ஹூலா ஆடுவதைத் தடை செய்தார். 1859ல் இன்னொரு சட்டம் வந்தது. பணம் வாங்கி ஹூலா நடத்த ஒரு நிகழ்ச்சிக்கு 10 டாலர் கட்டி உரிமம் பெற வேண்டும் என்றது அது. மக்கள் வேலையை விட்டுவிட்டு ஹூலாவில் பொழுதைப் போக்குகிறார்கள் என்ற புகாரும் அப்போது இருந்தது. கட்டுப்பாடுகள் இருந்தும் கிராமங்களில் ஹூலா அழியவில்லை. தெரிந்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வந்தார்கள்.

அதை மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் மன்னர் கலாகௌவா. 1883ல் நடந்த தன் முடிசூட்டு விழாவில் அரண்மனை மைதானத்திலேயே ஹூலாவை ஆட வைத்தார். அந்த நிகழ்ச்சி நிரலை அச்சிட்டவர்கள் மீது ஆபாச வழக்கே போடப்பட்டது! மன்னரோ பின்வாங்கவில்லை. 1886ல் தன் 50வது பிறந்தநாளிலும் ஆட வைத்தார்.

ஆனால் 1893ல் ஹவாய் முடியாட்சி கவிழ்க்கப்பட்டது. 1896ல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் வந்தது. அடுத்த தலைமுறைக்கு மொழி மறந்து போக, பாட்டின் பொருளும் மங்கியது. இங்கேதான் ஆபத்து இருந்தது. பொருள் தெரியாமல் கையை அசைத்தால் மிஞ்சுவது வெறும் அசைவுதானே?

1970களில் ஹவாய் மக்களிடையே பெரிய விழிப்பு ஏற்பட்டது. கலாகௌவாவின் பட்டப்பெயரில் ஹிலோ நகரில் நடக்கும் 'மெரி மோனார்க்' விழாவில் 1971ல் ஹூலா போட்டி தொடங்கியது. 1976ல் ஆண்கள் குழுக்களும் சேர்ந்தன. 1978ல் ஹவாய் மொழி மாநிலத்தின் ஆட்சிமொழிகளில் ஒன்றானது.

ஒரு கலையை மேடையிலிருந்து இறக்கிவிட சட்டத்தால் முடிந்தது. அதை அறிந்தவரின் உடலிலிருந்து பிடுங்க முடியவில்லை. அந்த உடலும், அது பேசிய மொழியும் சேர்ந்து பிழைத்ததால்தான் ஹூலா இன்றும் ஒரு கதையைச் சொல்கிறது.